சுருளா, புத்தகமா, செல்போனா?

வேத வாசிப்பு: எரேமியா 36-ம் அதிகாரம், லூக்கா 4:16-20, 2 தீமோத்தேயு 4:13



நம்முடைய சபையில் சில மாதங்களாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "பாஸ்டர், ஆராதனைக்கு வேத புத்தகம் இல்லாமல் செல்போனை மட்டும் எடுத்துக்கிட்டு வரலாமா?" மூத்த தகப்பன்மார் சிலருக்கு இது பொறுக்கவில்லை. கறுப்பு அட்டை வேதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவிலே நடந்து வருவதே ஒரு சாட்சி என்கிறார்கள். வாலிபப் பிள்ளைகளோ, "போனில் இருக்கிறதும் அதே வசனம்தானே, அதே மத்தேயு, அதே மாற்குதானே" என்று கேட்கிறார்கள். பேச்சோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே வண்டியில் வருகிற தகப்பனும் மகனும் இதற்காகவே சபைக்குள் தனித்தனியாகப் போய் உட்காருகிறார்கள். திருவிருந்து நாளிலும் அப்படித்தான். ஆகையால் இதைப்பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, முதலில் ஒன்றைக் கேட்கிறேன். நம்முடைய ஆண்டவர் கையில் வேத புத்தகம் இருந்ததா? யோசித்துப் பாருங்க. நாசரேத்து ஜெப ஆலயத்திலே அவர் கையில் ஏசாயாவின் புஸ்தகம் கொடுக்கப்பட்டது என்று லூக்கா எழுதுகிறார். புஸ்தகம் என்றவுடனே நமக்கு அட்டை, பக்கம், நடுவிலே ஒரு ரிப்பன் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. அது எதுவும் அங்கே கிடையாது. அவர் கையில் இருந்தது சுருள். பாய் சுருட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த நீளமான தோல்.

எவ்வளவு நீளம் தெரியுமா? 1947-ல் சவக்கடல் ஓரத்திலே கும்ரான் குகையில் ஆடு மேய்க்கிறவர்கள் கையில் ஒரு ஏசாயா சுருள் கிடைத்தது. இன்றைக்கு எருசலேமில் இஸ்ரவேல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. 17 தோல்களை ஒன்றோடொன்று தைத்து, 54 பத்திகளாக எழுதியிருக்கிறார்கள். நீளம் 7 மீட்டருக்கு மேல். ஆண்டவர் பூமியில் நடமாடுவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதப்பட்ட சுருள் அது. இப்போ கவனியுங்க. ஆண்டவர் வாசித்த பகுதி ஏசாயா 61-ம் அதிகாரம், கிட்டத்தட்ட கடைசியில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சுருளானால், ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டி, ஆறு மீட்டருக்கு மேல் கடந்து போனால்தான் அந்த இடம் வரும். அதிகார எண் இல்லை, வசன எண் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று முன்னமே தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். அவருக்குத் தெரிந்திருந்தது. அல்லேலூயா!

அவர் எங்கே நிறுத்தினார் என்றும் பாருங்க. நாம் இரண்டாம் வசனம் என்று எண் போட்டு வைத்திருக்கிற வாக்கியத்தின் பாதியிலேயே நிறுத்தி, சுருளைச் சுருட்டி, பணிவிடைக்காரனிடத்தில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நீதியைச் சரிக்கட்டும் நாளைப்பற்றிய மீதிப் பாதியை அன்றைக்கு அவர் வாசிக்கவில்லை. நம்மைப் போல எண்ணைப் பார்த்து நிறுத்துகிறவர் அல்ல அவர்.

சுருளுக்கு முன்னால் கல் இருந்தது. சீனாய் மலையில் மோசே வாங்கி வந்த பலகைகள் இரண்டு பக்கமும் எழுதப்பட்டவை என்று யாத்திராகமம் 32:15 சொல்லுகிறது. தன் வார்த்தை கன்மலையிலே வெட்டப்பட வேண்டும் என்று யோபு பக்தன் ஏங்கினார். கல் நிலைக்கும், ஆனால் கூடவே கொண்டு போக முடியாது. பிறகு எகிப்திலே நைல் நதி ஓரம் வளர்கிற கோரையைச் சீவி, குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கி, அடித்து, காயவைத்துத் தாள் செய்தார்கள். குழந்தை மோசேயை வைத்த பெட்டிக்கும் அந்த இன நாணல்தான் உபயோகப்பட்டது என்று வேத பண்டிதர்கள் சொல்கிறார்கள். பாப்பிரஸ் என்று அதற்குப் பெயர். ஆட்டுத்தோலும் கன்றுக்குட்டித் தோலும் பதப்படுத்தி எழுதினார்கள். ஒரு சுருளில் ஒரு பெரிய ஆகமம் அடங்கினால் அதிகம். அதனால்தான் பாருங்க, பைபிள் என்ற சொல் வந்த கிரேக்க வார்த்தைக்கே 'புத்தகங்கள்' என்று பன்மையில் அர்த்தம். வேதம் முழுவதும் என்றால் அன்றைக்கு ஒரு கூடை நிறையச் சுருள்கள்!

அப்படியானால் மடித்துத் தைத்த புத்தகம் எங்கேயிருந்து வந்தது? இதை நான் வேதாகமக் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது ராஜாவின் அரண்மனையிலிருந்தோ பெரிய புலவர்களிடமிருந்தோ வரவில்லை. ரோமர் காலத்திலே மெழுகு பூசிய சின்ன மரப்பலகைகளைக் கயிற்றால் கோர்த்து, கடன் கணக்கும் வீட்டுச் செலவும் எழுதிவந்தார்கள். வாய் அடைபட்டிருந்த சகரியா யோவானுடைய பெயரை எழுத வாங்கினாரே, அந்த எழுத்துப்பலகையும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். பிற்பாடு மரத்துக்குப் பதிலாகத் தோலையும் பாப்பிரஸையும் மடித்துத் தைத்தார்கள். கோடெக்ஸ் என்று பெயர். மரக்கட்டை என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்ம ஊர் மளிகைக்கடைச் சிட்டை மாதிரி. மரியாதையான இலக்கியம் என்றால் சுருள். அவசரக் கணக்கு என்றால் கோடெக்ஸ்.

நம்முடைய முற்பிதாக்களான ஆதி விசுவாசிகள் அந்தச் சிட்டையைத்தான் எடுத்தார்கள்! இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கருடைய இலக்கியம் பெரும்பாலும் சுருளிலேயே இருந்தது. யூதர்கள் நியாயப்பிரமாணத்தை ஜெப ஆலயத்தில் இன்றைக்கும் சுருளிலிருந்துதான் வாசிக்கிறார்கள். ஆனால் கிறிஸ்தவர்களுடைய வேதப் பிரதிகளாக அந்தக் காலத்திலிருந்து கிடைத்தவை ஏறக்குறைய எல்லாமே மடித்த புத்தகங்கள். பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து மேலங்கியோடு தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொன்னாரே. நம்முடைய தமிழ் வேதத்தில் சுருள் என்றிருந்தாலும் மூலத்தில் இருப்பது மெம்பிரானா, அதாவது பதப்படுத்திய தோல் என்கிற லத்தீன் வார்த்தை. அது தோல் நோட்டுப்புத்தகமாக இருக்கலாம் என்று பண்டிதர்களில் பலர் நினைக்கிறார்கள்.

ஏன் சிட்டையை எடுத்தார்கள்? ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதலாம். பிரயாணத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தையும் சட்டென்று திறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனிச் சுருளில் இருந்த நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கட்டாகத் தைக்கலாம். டப்ளின் நகரத்தில் செஸ்டர் பீட்டி நூலகத்திலே மூன்றாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒரே புத்தகத்தில் இருந்ததற்கு அதுவே அடையாளம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்திலே இன்னும் பழைய ஒரு துண்டு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். நம்ம ஏ.டி.எம். கார்டு அளவுதான். யோவான் 18-ம் அதிகாரம். முன்பக்கம் ஆண்டவரைப் பிலாத்துவிடம் கொண்டுவந்து நிறுத்தியது, பின்பக்கம் சத்தியம் என்னவென்று பிலாத்து கேட்பது. இரண்டு பக்கமும் தொடர்ந்து எழுதியிருப்பதால்தான் அது சுருள் அல்ல, புத்தகத்தின் ஏடு என்று கண்டுபிடித்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்காக ஜனங்கள் உயிரையே கொடுத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்க.

கி.பி. 303-ல் தியோக்கிளேசியன் என்ற ரோம ராயன் ஒரு கட்டளை போட்டான். ஆலயங்களை இடிக்க வேண்டும், வேத புத்தகங்களை வாங்கி நெருப்பில் போட வேண்டும். வட ஆப்பிரிக்காவில் சிர்ட்டா என்ற பட்டணம், இன்றைக்கு அல்ஜீரியா தேசத்தில் கான்ஸ்டன்டைன் என்று பெயர். அங்கே அந்த வருஷம் மே மாதம் அதிகாரிகள் விசுவாசிகள் கூடுகிற வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என்ன பேசினார்கள், யார் எதைக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு எழுதிய நடவடிக்கைக் குறிப்பு இன்னும் இருக்கிறது. சபையில் கிடைத்தது ஒரே ஒரு பெரிய புத்தகம். மற்றவை எங்கே? வாசகர்களின் வீட்டில். சபையிலே வேதம் வாசிக்கிற பொறுப்புள்ளவர்கள் புத்தகங்களைப் பிரித்துத் தங்கள் வீடுகளில் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் 4 புத்தகம், இன்னொரு வீட்டில் 5, இன்னொன்றில் 8. ஒரு வீட்டில் புருஷன் இல்லை. மனைவி 6 புத்தகங்களை எடுத்துக் கொடுத்தாள். அதோடு விட்டார்களா? இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வீட்டைச் சோதனை போட்டார்கள்.

அதே வருஷம் அதே வட ஆப்பிரிக்காவில் திபியூக்கா ஊர்ச் சபையின் கண்காணி பேலிக்ஸ், 'வேதம் என்னிடத்தில் இருக்கிறது, தரமாட்டேன்' என்ற பொருளிலேயே பதில் சொல்லி மரண தண்டனை அடைந்தார். புத்தகத்தைக் கொடுத்தவர்களுக்கு 'ஒப்புக்கொடுத்தவர்கள்' என்று பெயர் வந்தது. அந்தச் சண்டையால் வட ஆப்பிரிக்கச் சபையே இரண்டாகப் பிளந்து, நூறு வருஷத்துக்கு மேல் ஒன்று சேரவில்லை. அந்தச் சகோதரி பயத்தில் 6 புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தாளே, அவளை நான் நியாயந்தீர்க்க மாட்டேன். என் வாசலில் அப்படி யாரும் வந்து நின்றதில்லை.

கன்றுக்குட்டித் தோலில் எழுதிய பெரிய வேதங்களின் காலம் அதற்குப் பிறகு வந்தது. கான்ஸ்டன்டைன் ராயன் தன் புதிய தலைநகரத்துச் சபைகளுக்காக 50 பிரதிகள் எழுதச் சொன்னான். அந்த நூற்றாண்டின் சீனாய் பிரதியை இன்றைக்கு லண்டனில் வைத்திருக்கிறார்கள். 1933-ல் சோவியத் அரசாங்கத்திடமிருந்து 1,00,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். நாஸ்திக அரசாங்கம் வேதத்தை விற்றது, ராஜாவின் தேசம் வாங்கியது. நமக்கு 250 ரூபாய் கொடுக்கவே யோசனை! பிறகு சீன தேசத்துக் காகிதம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்திலே குட்டன்பர்க் 1455 வாக்கில் ஏறக்குறைய 180 வேதங்களை அச்சடித்தார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

நம்முடைய கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் இறங்கினபோது நம்முடைய ஜனங்களின் புத்தகம் பனை ஓலை. எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்து, துளையில் கயிறு கோர்த்துக் கட்டின சுவடி. அவரும் ஓலை வாசிக்கக் கற்றுக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் படித்தார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்து 1711-ல் முடித்தார். ஆனால் ஒவ்வொரு ஓலையாகக் கையால் பிரதி எடுத்து எத்தனை பேருக்குக் கொடுப்பது? இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து அச்சுகளும் வந்தன. வந்தும் ஒரு கஷ்டம்: எழுத்துகள் ரொம்பப் பெரிது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் இருந்த காகிதம் எட்டாது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். வார்க்க ஈயம்? சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று மிஷன் சரித்திரப் புத்தகங்கள் சொல்லுகின்றன. தின்று தீர்ந்த பண்டத்தின் தகடு, ஜீவ அப்பத்தைப் பரிமாறும் பாத்திரமானது! 1714-ல் சுவிசேஷங்களும் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்தவர் 1719-ல், 36 வயதில் தேவனண்டை போய்விட்டார். மீதியை சூல்ச் ஐயர் முடித்தார். நாம் இன்று வாசிக்கிற மொழிபெயர்ப்பு 1871-ல் பவர் ஐயர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்டது.

ஆக, தேவனுடைய பிள்ளைகளே, கல், கோரை, தோல், ஓலை, காகிதம், இப்போது கண்ணாடித் திரை. கர்த்தர் எதிலும் பேச வெட்கப்படவில்லை. கறுப்பு அட்டையையே பரிசுத்தம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன், ஆதிச் சபை கறுப்பு அட்டையைப் பார்த்ததே இல்லை. நம்மில் சிலர் வேதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தால் கெட்ட சொப்பனம் வராது என்று வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் திறக்காமல் இருக்கிறோம். அது தாயத்து. வேறொன்றும் இல்லை.

இப்போது வாலிபர் பக்கம் திரும்புகிறேன். யோயாக்கீம் ராஜா என்ன செய்தான்? பாருக்கு மையினால் எழுதின சுருளை யெகுதி வாசிக்கிறான். ராஜா குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுட்டெரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சியும் கேட்கவில்லை. மொத்தமாகத் தூக்கிப் போடவில்லை பாருங்க. கேட்டுக் கேட்டு, துண்டு துண்டாக அறுத்தான். கர்த்தர் எரேமியாவைக் கொண்டு இன்னொரு சுருளை எழுதுவித்தார். எரிந்தது தோலோ தாளோ. வார்த்தை அப்படியே திரும்ப வந்தது, இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்ந்து வந்தது.

அறுக்கிற கத்தி இப்போது நம்முடைய கையிலும் இருக்கிறது. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று இருக்கிற வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டார். தேடுவதற்கு நல்ல உபகாரம். பிரசங்கியாகிய எனக்கு ரொம்பவே உபகாரம். ஆனால் வசனத்துக்கு எண் போட்ட பிற்பாடுதான் வாக்குத்தத்த அட்டை வந்தது. புது வருஷ ஆராதனையில் நாமும் கொடுக்கிறோம், தவறென்று சொல்லவில்லை. எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு மேலே பத்தாம் வசனத்தில் 70 வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அது எந்த அட்டையில் இருக்கிறது? சுருளிலே அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட சிறைப்பட்ட ஜனங்கள் எழுபதைக் கேட்காமல் சமாதானத்தைக் கேட்டிருக்கவே முடியாது. சுருளில் குதித்துப் போவது கடினம். புத்தகத்தில் சுலபம். போனிலோ, குதிக்கவே வேண்டாம். காலையில் ஒரு வசனம் தானாக வந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, வேதம் வாசித்தாயிற்று என்று நினைக்கிறோம். 2008-ல் யூவெர்ஷன் என்ற வேத செயலி வந்தது; அதைப் போல இன்னும் எத்தனையோ வந்துவிட்டன. முழு வேதமும் அதற்குள் இருக்கிறது. குறை செயலியில் இல்லை.

போனினால் வந்த நன்மையை மறைக்க மாட்டேன். நம்முடைய சபையில் ஒரு வயதான தாயார், கண்புரையால் பத்து வருஷமாக வேதம் வாசிக்க முடியாமல் இருந்தவர், பேத்தியின் போனில் எழுத்தை உளுந்து வடை அளவுக்குப் பெரிதாக்கி இப்போது சங்கீதம் வாசிக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரர் ஒருவர் மாட்டுக்குப் புல் அறுக்கும்போதே ரோமர் நிருபத்தைக் காதால் கேட்கிறார். அவர்களிடத்தில் போய், இது வேதம் அல்ல என்று யார் சொல்வது?

அதே சமயம், பிரசங்க நேரத்தில் எபேசியரைத் திறந்த போனில் மேலே இருந்து ஒரு மெசேஜ் விழுகிறது. கை அங்கே போகிறது. எபேசியர் போய்விட்டது. இதைப் பிரசங்க மேடையில் இருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும் தம்பிகளே! காகிதப் புத்தகத்தில் மெசேஜ் வராது. பெரியவர்கள் சொல்வதில் இந்த ஒன்று முழுக்க நியாயம்.

மூப்பரோடு ஜெபித்து முடிவு பண்ணியிருக்கிறோம். ஆராதனைக்குப் புத்தகமும் கொண்டு வரலாம், போனும் கொண்டு வரலாம். போன் கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு உள்ளே வாருங்க. மேடையில் வாசிப்பது மட்டும் புத்தகத்திலிருந்தே இருக்கும். யாரும் யாரையும் இதற்காக முறைத்துப் பார்க்கக்கூடாது.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது. பிலிப்பியர் நிருபம் 4 அதிகாரமும், 104 வசனமும், எண் சொல்லாமல் ஒரே மூச்சாகச் சத்தமாக வாசிக்கப் போகிறோம். பிலிப்பி பட்டணத்துச் சபை அதை முதன்முதலாகக் கேட்டது போல. இருபது நிமிஷம்தான் ஆகும். நான் மேலே குறிப்பிட்டேனே, அந்தத் தகப்பனும் மகனும்தான் வாசிக்கிறார்கள். இரண்டு அதிகாரம் அப்பா, இரண்டு அதிகாரம் மகன், ஒரே புத்தகத்திலிருந்து. இருவரிடமும் கேட்டாயிற்று, சரி என்று சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். கண்ணாடியை மறக்காதீங்க.